கீழிருந்து காட்டினால் நாயகனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த திரைமொழிக் கட்டுரையைப் படித்தேன். கேமராவைத் தாழ வைத்தால் பலசாலி, உயர வைத்தால் பாவப்பட்டவர், வெள்ளை உடுத்தினால் நல்லவர், முகத்தில் இருட்டு விழுந்தால் வில்லன் என்று வாய்ப்பாடு மாதிரி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். படம் எடுக்கும் ஆசையில் இருக்கும் பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்களே என்று கவலையாக இருக்கிறது.

1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் கேமராவைத் தாழ வைப்பதற்காகத் தரையையே பெயர்த்துக் குழி பறித்தார்கள். கீழிருந்து பார்த்தால் அரங்கின் மேற்பகுதி தெரியுமே? அதற்காகத் துணியால் கூரை கட்டினார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த காட்சிகளில் முக்கியமானது எது தெரியுமா? படத்தின் நாயகன் கேன் தேர்தலில் தோற்ற இரவு. நெருங்கிய நண்பன் முகத்துக்கு நேராகக் குறைகளைக் கொட்டுகிறான். கேன் பிரம்மாண்டமாகத்தான் தெரிகிறார். ஆனால் கூரை தலையை இடிப்பதுபோல் இறங்கி நிற்கிறது. கீழ்க்கோணம் அங்கே வெற்றியைச் சொல்லவில்லை.

உடையும் அப்படித்தான். 'சைக்கோ' (1960) படத்தின் நாயகி மேரியன் தொடக்கத்தில் வெள்ளை உள்ளாடையில் வருகிறார்; திருடிய பணத்தோடு ஓடத் தயாராகும்போது கறுப்பு. கறுப்பு அவரைக் கெட்டவராக்கிவிடவில்லை. முன்னால் வெள்ளையைப் பார்த்ததால்தான் அந்த மாற்றம் நம் கண்ணில் படுகிறது.

'காட்ஃபாதர்' (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் உச்சியிலிருந்து வெளிச்சம் விழவைத்ததில், மாஃபியா தலைவராக நடித்த மார்லன் பிராண்டோவின் கண்குழிகள் இருண்டுபோயின. அப்படி வைத்ததற்குப் பிராண்டோவின் மேக்கப்பும் ஒரு காரணம். கண் தெரியாததால் அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று பிடிபடுவதில்லை. வில்லன் என்று அவரை ஒதுக்கவும் நமக்கு மனம் வருவதில்லை.

அப்புறம், கட்டுரை தொடாமலே விட்ட ஒன்று எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். இருட்டு என்றால் கெட்டவன் என்ற பழக்கம் மெல்லக் கறுத்த தோலின் மேல் ஏறிக்கொள்கிறது. அடியாள் வேடத்துக்குக் கறுத்தவர், முகத்தில் ஒரு தழும்பு, கீழிருந்து ஒரு விளக்கு: வேலை முடிந்தது என்கிறார்கள். கருவிகளும் இதற்குத் துணைபோயின. நிறம் சரிபார்க்க ஃபிலிம் நிறுவனமான கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. கறுத்த முகத்துக்கு ஒளி அமைப்பது கூடுதல் கவனம் கேட்கும் வேலை. பக்கவாட்டிலிருந்து பரந்த மென்மையான ஒளியைக் கொடுத்தால் தோலின் மினுமினுப்பே கன்னத்தையும் தாடையையும் வரைந்து காட்டிவிடும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பாத்திரமே இருண்டது என்று சொல்வது அநியாயம்.

உங்கள் விமர்சனப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 'ஒளிப்பதிவு அருமை' என்று ஒரே வரியில் முடிக்காமல், ஏதாவது ஒரு காட்சியை எடுத்து, யார் முகத்தில் எங்கிருந்து வெளிச்சம் விழுந்தது, எந்த இடத்தில் உடை மாறியது என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். உடை வடிவமைத்தவரின் பெயரையும் விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்