சதுர கிலோமீட்டருக்கு 55 பேராம்! கேமரன் மலை மாவட்டத்தை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நம் மாவட்டத்தின் பரப்பு 712 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 39,000 சொச்சம். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 55 பேர்தான், மலேசியாவின் பகாங் மாநிலத்திலேயே சின்ன மாவட்டம் என்றாலும் இடம் தாராளமாகக் கிடப்பது போலத் தெரியும். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பிரிஞ்சாங் டவுனில் காரை நிறுத்த இடம் தேடிப் பாருங்கள், அந்த 55-இன் லட்சணம் புரிந்துவிடும்.

மாவட்டத்தின் உட்பிரிவுகளான மூன்று முக்கிம்களில் உலு தெலோம் மட்டுமே ஏறக்குறைய 640 சதுர கிலோமீட்டர், ரிங்லெட் 52, தானா ராத்தா வெறும் 21. உலு தெலோமில் பெரும்பகுதி செங்குத்துக் காடு. அங்கே போஸ் லெமோய் மாதிரி பூர்வக்குடிக் கிராமங்களுக்கு மழை பெய்தால் சேற்றில் ஜீப் ஏறினால்தான் உண்டு. மற்றபடி நாம் எல்லாரும், தோட்டத்து லயத்துத் தமிழர்கள், காய்கறி போடும் சீனர்கள், மலாய்க்காரர்கள், ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஒரே சாலையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். காட்டையும் கடைத்தெருவையும் சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டு பேர் கஷ்டமும் மறைந்துபோகும்.

அப்புறம், ஆள் கணக்கு. வங்காளதேசம், நேபாளம், மியன்மார், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் இங்கே ஒரு முட்டைக்கோஸ் லாரி ஏறாது. கணக்கெடுப்பில் வெளிநாட்டவருக்கும் இடம் உண்டுதான், ஆனால் பிளாஸ்டிக் கூடாரத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், காகிதம் எதுவும் இல்லாமல் படுத்திருப்பவர் கதவைத் திறந்து தன் பெயரைச் சொல்லியிருப்பாரா? வார இறுதியில் மலையேறி வருகிறவர்களும் எண்ணிக்கையில் இல்லை. தண்ணீர், குப்பை, சாக்கடை எல்லாம் இவர்களுக்கும் சேர்த்துத்தானே ஓட வேண்டும்? லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வரும் வேன் ஸ்ட்ராபெரி கடைக்கு முன்னால் நின்றால் நின்றதுதான், ஒதுங்கிப் போக வேறு சாலை ஏது?

எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது பெர்த்தாம் பள்ளத்தாக்குதான். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் சுல்தான் அபு பக்கார் அணையின் மதகுகளைத் திறந்தபோது கீழே ஆற்றோரம் இருந்த வீடுகளுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்து உயிர்களும் போயின. மேலே மலைச்சரிவை வெட்டி விவசாயம் செய்யச் செய்ய மண் வந்து அந்த அணை தேக்கும் ரிங்லெட் ஏரியில் படிகிறது, ஏரி தாங்கும் தண்ணீரும் குறைகிறது. அப்படியிருக்க, அந்த ஆற்றோரத்தில் இன்றைக்கு எந்த வீட்டில் எத்தனை பேர், அதில் நடக்க முடியாத கிழவர்கள் எத்தனை பேர், சைரன் ஊதினால் மலாய் அறிவிப்பு புரியாத தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் இருக்கிறதா? இருந்தால் எங்கள் கண்ணில் காட்டுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய காசு பிடிக்கும் வேலை இல்லை. முக்கிம் வாரியாக, கம்போங் (கிராமம்), தோட்டம், போஸ் (பூர்வக்குடிக் குடியிருப்பு) வாரியாக ஆள் கணக்கை வெளியிடுங்கள். விடுமுறை நாள்களில் மலைக்கு வரும் வண்டிகளையும் எண்ணி அதோடு சேருங்கள். பெர்த்தாம் ஆற்றோரப் பட்டியலை மட்டும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள், மற்றவை கொஞ்சம் தாமதமானாலும் சரி.

இப்படிக்கு,
ரிங்லெட் பக்கத்துத் தோட்டவாசி ஒருவர்