கைதட்டல் வாத்துக்குத்தான்

ஆசிரியருக்கு,

பழைய கார்ட்டூன்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1957இல் ஃபிரிஸ் ஃப்ரெலங் இயக்கிய 'ஷோ பிஸ் பக்ஸ்' படத்தின் முடிவைத் 'தன் வினை தன்னைச் சுடும்' என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை.

படத்தின் பெரும்பகுதிக்கு அந்தப் பழமொழி பொருந்தும், சரி. கொட்டகை வாசலில் பக்ஸ் பன்னி என்ற முயலின் பெயர் கொட்டை எழுத்தில், டாஃபி டக் என்ற வாத்தின் பெயர் பொடி எழுத்தில். இருவரும் சேர்ந்து ஒரே ஆட்டம் ஆடினாலும் முயலுக்குத்தான் கைதட்டல். வயிறு எரிந்த வாத்து, கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன் வாத்தியத்தில் ஒரு கட்டையைத் தட்டினால் வெடிக்கும்படி வெடி வைக்கிறது. முயலோ அந்த இடம் வந்ததும் தப்பான சுரத்தைத் தட்டுகிறது. திரும்ப வாசித்தாலும் அதே தப்பு. ஒளிந்திருக்கும் வாத்துக்கு அபஸ்வரம் பொறுக்கவில்லை. மேடைக்கு ஓடிவந்து சரியாக வாசித்துக் காட்டி, தானே வெடிக்கிறது. (சதிகாரனானாலும் காது சுத்தம்!)

கடைசி ஆட்டம் அப்படியல்ல. அதில் முயலுக்கு எதிராக வாத்து ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. சாத்தான் வேடத்தில் வந்து பெட்ரோல், நைட்ரோகிளிசரின், வெடிமருந்து, யுரேனியம் 238 என்று வரிசையாக உள்ளே தள்ளி, உடம்பைக் குலுக்கி, எரியும் தீக்குச்சியையும் விழுங்குகிறது. டமார்! அதுவரை வாத்துக்கு ஒரு கை தட்டாத அரங்கம் அதிர்கிறது. இன்னும் கேட்கிறார்கள் என்று கூவுவது யார்? முயல்தான். ஆவியாக மேலே போய்க்கொண்டே, 'தெரியும், தெரியும். ஆனா இதை ஒரு தடவைதான் செய்ய முடியும்' என்கிறது வாத்து. இதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? படம் முழுக்க ஏங்கியது கிடைத்துவிட்டதே!

இதே வித்தையை 1949இல் 'கர்ட்டன் ரேசர்' படத்தில் ஒரு நரியை வைத்து ஃப்ரெலங் காட்டியிருக்கிறார். அங்கே அது வாய்ப்புக் கேட்டு வந்த ஒரு நரியின் கிறுக்குத்தனம், அவ்வளவுதான். படம் முழுக்கத் தோற்றுக்கொண்டே வந்தவன் கையில் அதைக் கொடுத்த பிறகுதான் அதற்குக் கனம் வந்தது.

குழந்தைகள் பார்த்துச் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் சில இந்தக் காட்சியில் கத்திரி வைத்தே ஒளிபரப்பின. பயம் நியாயமானதுதான். கட்டுரையாளர் பார்த்ததும் அப்படியொரு பிரதியோ என்னவோ.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்