தானூர்க் கரையும் உன் கதாநாயகியும்

காரைக்குடி

அன்பு நண்பா,

உன் நாவலின் கையெழுத்துப் பிரதி போன வாரம் வந்து சேர்ந்தது. மூன்றே இரவில் படித்து முடித்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இவளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, நேற்று கோயில் வரை நடந்து போய் வந்தாள்.

மலபார்க் கரையில் இருக்கும் தானூர் பற்றிய அத்தியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1942 செப்டம்பர் 27. ஜப்பான் பிடித்திருந்த மலாயாவில், பினாங்கில் உளவுப் பயிற்சி முடித்த நம் நாட்டுப் பையன்கள் ஜப்பானிய நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் இறங்கிக் கரைக்கு வருகிறார்கள். பிரிட்டிஷாரிடம் பிடிபடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன்களில் ஒருவரான வக்கம் அப்துல் காதர் உட்பட நான்கு பேரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டதும் தெரியும். காதருக்கு 26 வயதுதான். தெரிந்திருந்தும் அந்தப் பக்கங்களைத் திருப்பும்போது கை பதறியதடா.

ஒரு திருத்தம். சென்னையை விட்டு ஜனங்கள் ஓடுவதையும் அதே செப்டம்பரில் வைத்திருக்கிறாய். அது ஏப்ரல். 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றதும் அந்த மாதம்தான். அதை முன்னால் கொண்டுபோ.

அப்புறம், காதல். உன் கதாநாயகியைத் தானூருக்கே வரவழைத்தது எனக்கு ஒட்டவில்லை. மலாயா விழுந்த பிறகு அங்கிருந்து ஒரு கடுதாசி வரவில்லை, மணியார்டர் வரவில்லை. அவள் காதலன் எந்த ராத்திரி எந்தக் கரையில் இறங்குவான் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எங்கள் அப்பத்தாவை உனக்கு நினைவிருக்கும். தாத்தா பினாங்கில் வட்டிக்கடையில் இருந்தார். போர் முடியும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. கடைசியாக வந்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனை அடிக்கடி படிக்கச் சொல்வாளாம். ஒரு நாள் அவன் மனசு கேட்காமல், "வெயில் தாழ்ந்ததும் வந்துவிடுவேன்" என்று ஒரு வரியைச் சேர்த்துப் படித்துவிட்டான். அந்தக் கடிதம் முழுதும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "நேத்து படிச்ச மாதிரியே படிப்பா" என்றாளாம். தாத்தா 1946இல் கப்பலில் வந்து இறங்கினார். உன் கதையில் அவன் வரப்போவதில்லை.

அதனால் அவளை ஊரிலேயே விட்டுவிடு. அவன் நீர்மூழ்கிக்குள் மூச்சு முட்டக் கிடக்கும் அதே இரவில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கட்டும். அடுத்த அத்தியாயம் என்ன ஆகுமோ என்று எனக்கு அங்கேதான் அடித்துக்கொள்ளும். அவன் சென்னைச் சிறையில், இதே மண்ணில், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறான். அவள் இன்னமும் பினாங்குக் கப்பலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இதை நீ எழுதினால் நன்றாக வரும், எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? மாற்றி எழுதியதைக் கொண்டு வா. அப்பத்தாவின் அந்தக் கடிதம் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்