அந்த வெள்ளைத் தடத்தில் ஜீப்பை இறக்காதீர்கள்

ரொறன்ரோ வட்டாரத்தின் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் பக்கங்களிலிருந்து வார இறுதிகளில் ஜீப்பும் ட்ரக்கும் எடுத்துக்கொண்டு வடக்கே காட்டுப் பாதைகளுக்குப் போகும் அண்ணாமார், தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

வணக்கம்.

கார்த்திகை முடியப் போகிறது. பலர் பனிக்கால டயர் மாட்டியிருப்பீர்கள். புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சின் கயிற்றைக் கழற்றித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். முதல் பெரிய பனி கொட்டியதும் ஹலிபேர்ட்டன் பக்கம் போவோமா என்ற கதை இப்போதே தொடங்கிவிட்டது. பயணம் முடிவாகும் முன், பனிமேல் ஓடும் சிறு வண்டியான ஸ்னோமொபைலுக்கென்று செய்த தடங்களைப் பற்றிய இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

போன மாசியில் நாங்கள் நாலு வண்டிகள் போனோம். பகல் முழுவதும் மாநகரசபை திறந்து போடாத ஒரு வீதி ஒதுக்கீட்டில், அதாவது வீதிக்கென்று விட்ட பொது நிலத்தில், முழங்கால் அளவு பனிக்குள் ஓட்டினோம். அதில் பிழையில்லை, அங்கே எங்களுக்கு உரிமை இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் களைத்துப் போனோம். அப்போது ஒரு சந்தி வந்தது. வலப்பக்கம் இரண்டு ட்ரக் சமாந்தரமாகப் போகக்கூடிய அகலத்தில், சீவி அமர்த்திய வெள்ளைப் பாதை. நெடுஞ்சாலைக்கு 3 கிலோமீட்டர் என்று தொலைபேசி காட்டியது. மரத்தில் ஏதோ சிறு பலகை அடித்திருந்தார்கள். முன்வண்டி என்னுடையது. இறங்கி அதை வாசிக்கவில்லை. திருப்பினேன். பின்னால் மூன்று பேரும் என்னை நம்பித் திருப்பினார்கள்.

அன்று பகல் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தது. மேலே இறுகிக் கிடந்த பனி எங்களைத் தாங்கவில்லை. ஒரு அடி ஆழத்தில் இரண்டு பள்ளங்கள் எங்களுக்குப் பின்னால் நீண்டுகொண்டே வந்தன. பீவர் அணை கட்டிய ஒரு குளத்தின் ஓரத்தில் என் வண்டியின் முன் சில்லு பனியையும் அதன்கீழ் இருந்த உறைந்த சேற்றையும் உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. வெளியே இழுத்தெடுக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. இருட்டிவிட்டது.

அப்போதுதான் மரங்களுக்கிடையில் பெரிய விளக்குகள் தெரிந்தன. தடத்துப் பனியைச் சீவி அமர்த்தும் பெரிய இயந்திரமான குரூமர் வந்தது. ஓட்டி வந்தவருக்கு எழுபது வயதாவது இருக்கும். அவர் ஏசவில்லை. யாருக்காவது காயமா என்று முதலில் கேட்டார். பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு நாங்கள் வந்த வழியே நடந்தார். பள்ளத்துக்குள் தன் சப்பாத்தை வைத்து எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். திரும்பி வந்து, இரவு மைனஸ் பதினெட்டுக்குப் போகும், விடிய இது கொங்கிறீற் ஆகிவிடும், காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் வரும் என்றார். அந்தத் துண்டை மூடச் சொல்லித் தொலைபேசியில் கதைத்தார். பிறகு மெல்லிய குரலில், "இந்த நிலத்துக்காரர் இதைப் பார்க்காமல் இருக்க வேண்டும்" என்றார்.

நிலத்துக்காரர் பார்த்துவிட்டார். இந்த வருடம் அவருடைய காணிக்குள்ளால் தடம் இல்லை. 11 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது.

என்ன செய்தோம் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஒன்ராறியோவில் ஸ்னோமொபைல் கழகங்கள் 1966 முதல் ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் தடத்தை அவை பராமரிக்கின்றன. அரசாங்கம் வீதி போட்டுத் தருவதுபோல அது வந்ததல்ல. ஸ்னோமொபைல்காரர்கள் வருடாவருடம் வாங்கும் அனுமதிச் சீட்டின் காசும் சம்பளம் வாங்காத தொண்டர்களின் உழைப்பும்தான் அதைத் தாங்குகின்றன. ஒரு குரூமரின் விலை சில இலட்சம் டொலர்.

வேலை முதல் பனியோடு தொடங்குகிறது. பனி ஒரு போர்வை. அது பொசுபொசுவென்று கிடக்கும்வரை கீழே இருக்கும் சதுப்பு உறையாது. அதனால் பாரம் குறைந்த வண்டிகளில் போய் முதலில் அதை மிதித்து இறுக்குகிறார்கள். இறுகிய பனிக்கு ஊடாகக் குளிர் கீழே இறங்கிச் சேற்றைக் கல்லாக்கும். அந்தக் கல்லின் மேல்தான் பின்னர் பல டன் எடையுள்ள குரூமர் ஓட முடியும். குரூமர் இழுக்கும் கலப்பை போன்ற சட்டம் மேடுகளைச் சீவி, பனியைக் கிளறி, கடைசியில் தட்டையான தகட்டால் அழுத்துகிறது. கிளறிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று மீண்டும் ஒட்டி இறுகுவதற்குச் சில மணித்தியாலக் குளிர் தேவை. அதனால்தான் அவர்கள் இரவில் ஓட்டுகிறார்கள். மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மனிதர் தனியே, விடியும்வரை.

என் சில்லு உடைத்தது அந்தக் கல்லைத்தான். மேலே உள்ள பள்ளத்தை அடுத்த இரவு சீவி மூடலாம். கீழே சதுப்பின் உறைந்த மூடி உடைந்தால் தண்ணீர் மேலே வரும், அந்த இடம் அந்தப் பருவத்துக்குச் சரிவராது. குரூமரே அதில் புதைந்துபோகலாம்.

எங்களில் பலர் சொல்லும் ஒரு பதில் எனக்குத் தெரியும். டயரின் காற்றழுத்தத்தை எட்டு பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு எட்டு இறாத்தலுக்கு) குறைத்தால் வண்டி மிதக்கும், ஒன்றும் ஆகாது என்பார்கள். நானும் அன்று எட்டில்தான் இருந்தேன். ஸ்னோமொபைல் தன் அகன்ற பட்டியால் நிலத்தில் போடும் அழுத்தம் ஏறத்தாழ அரை பிஎஸ்ஐ. நடந்து போகும் மனிதனின் காலடியைவிட அது மிகவும் குறைவு. எட்டு பிஎஸ்ஐ டயர் நிலத்தில் போடும் அழுத்தம் ஏறத்தாழ அதன் பதினாறு மடங்கு. அந்தத் தடம் அரை பிஎஸ்ஐக்காகச் செய்யப்பட்டது.

அந்தத் தடத்தில் ஸ்னோமொபைலில் வருபவரை யோசித்துப் பாருங்கள். இந்தத் தடங்களில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அதாவது ஒரு செக்கனில் 14 மீட்டர். தலைக்கவசத்துக்குள் எங்கள் எஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்காது. உறைந்த பள்ளத்துக்குள் முன்னால் இருக்கும் சறுக்குப் பலகையான ஸ்கீ விழுந்தால் கைப்பிடி அவர் சொல்லைக் கேட்காது, அது பள்ளம் போகும் திசைக்கே இழுக்கும். வளைவில் எதிரே ஒரு ஜீப் நின்றால் ஒதுங்க இடம் இல்லை.

ஸ்னோமொபைல் எதற்காகப் பிறந்தது என்பதும் எனக்கு முன்பு தெரியாது. கியூபெக்கில் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் நோய் முற்றியது. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துவிட்டது. அவர் பனிமேல் ஓடும் வண்டிகளைச் செய்துகொண்டே இருந்தார். 1959இல் ஸ்கிடூ என்ற அவருடைய ஸ்னோமொபைல் வந்தது. சில்லு போக முடியாத இடத்துக்காக யோசித்த வண்டி அது.

காடு பொது, நாங்களும் வரி கட்டுகிறோம் என்று சிலர் சொல்வீர்கள். ஒன்ராறியோவின் நிலத்தில் 87 வீதம் அரசு நிலம் என்பது உண்மை. ஆனால் அதில் மிகப்பெரும் பங்கு தூர வடக்கில் கிடக்கிறது. நாங்கள் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் தடங்களில் பெரும்பகுதி தனியார் காணிகளுக்குள்ளால் போகிறது. மாட்டுப் பண்ணைக்காரர், சோளம் விதைப்பவர், மேப்பிள் மரம் வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவரும் காசு வாங்காமல், குளிர்காலத்துக்கு மட்டும், ஸ்னோமொபைலுக்கு மட்டும் தந்த சம்மதம் அது. அந்தச் சம்மதத்தில் ஜீப் இல்லை. அத்துமீறிக் காணிக்குள் போவதற்கான உச்சத் தண்டத்தை 2016இல் 2,000 டொலரிலிருந்து 10,000 டொலராக உயர்த்தினார்கள். தண்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் எழுதவில்லை. என்னிடம் அன்று யாரும் ஒரு சதமும் கேட்கவில்லை.

எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் ஊர்க் காணி. வடக்குப் பக்க வேலியில் அப்பா ஒரு கடப்பு விட்டிருந்தார். பின்வளவுக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எங்கள் காணிக்குள்ளால் நடந்து ஒழுங்கைக்கு ஏறுவார்கள். உறுதியில் வழி வாய்க்கால் உரிமை என்று ஒரு சொல்லும் இல்லை. அது அப்பாவின் மனம், அவ்வளவுதான். ஒரு மாரியில் யாரோ அந்த வழியால் இரண்டு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரை விட்டுவிட்டார்கள். வெங்காயப் பாத்தி இரண்டு நாசம், நடைபாதை முழங்கால் சேறு. அப்பா அடுத்த நாளே கதியால் நட்டுக் கடப்பை அடைத்தார். லான்ட்மாஸ்டர்காரனுக்கு ஒரு நட்டமும் இல்லை, அவனுக்கு வேறு வழி இருந்தது. பிள்ளைகள்தான் மழைக்குள் பெரிய ஒழுங்கையைச் சுற்றிப் போனார்கள். வேலிக்கும் எல்லைக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஆட்கள் நாங்கள். இன்னொருவன் காணியில் நடக்கக் கிடைக்கும் அனுமதி எவ்வளவு மெல்லியது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நீதியில்லை. குறிகளை விட்டு விலகி, மாரிக் கோதுமை விதைத்த வயலுக்குள் ஸ்னோமொபைல் ஓட்டிக் காணிக்காரரின் கோபத்தை வாங்கும் ஆட்களும் உண்டு. அதனாலும் தடங்கள் மூடப்பட்டிருக்கின்றன. எங்களுக்கும் நியாயமான குறைகள் இருக்கின்றன. வரைபடத்தில் பொது வழியாக இருக்கும் ஒதுக்கீட்டில் போய்ப் பார்த்தால் படலை போட்டு அடைத்திருக்கும். அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறோம்.

உண்மையில் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. அரசு நிலத்தில் மரம் ஏற்றும் பாதைகள் சில, கோடையில் எங்களுடையவை, மாரியில் குரூமர் ஓடுபவை. குளத்துக்கு மீன்பிடிக்கப் போகிறவரும் அதே வழியால்தான் போகிறார். இப்படிப்பட்ட இடத்தில் சட்டம் எங்களைத் தடுக்காவிட்டாலும், வேறு வழி இருந்தால் அதில் போவோம். இல்லையென்றால் காலைக் குளிரில் போய்விட்டு, பனி இளகும் பின்னேரங்களில் அதைத் தொடாமல் விடுவோம். சீவிய பகுதியை விட்டு ஓரமாக ஒதுங்கி ஓட்டுவோம். பகலிலும் விளக்கு எரியட்டும். ஸ்னோமொபைல் வருவது தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். முன்னால் வருபவர் கையால் சைகை காட்டினால் பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். கடைசி ஆள் தான்தான் கடைசி என்று காட்டுவார். அதுவரை அசைய வேண்டாம். பள்ளம் விழுந்தால் மண்வாரியை எடுத்து மூடி மிதித்துவிட்டுப் போங்கள். நான்கு பேர் சேர்ந்தால் பத்து நிமிட வேலை. குளத்துப் பனிக்கட்டியில் ஸ்னோமொபைல் போன அடையாளத்தைப் பார்த்து ஜீப்பை இறக்கவே வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்கே 25 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்கிறது. எங்கள் வண்டி அதைப்போலப் பல மடங்கு பாரம்.

புறப்படுவதற்கு முன் கூட்டமைப்பின் தட வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொரு துண்டின் நிலையும் அதில் தெரியும். சிவப்பு என்றால் தடம் மூடியிருக்கிறது, ஆளில்லை, நாங்கள் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறாக, அடித்தளம் இன்னும் உறையாத இடமாக அது இருக்கலாம். சில்லு படவே கூடாத நேரம் அதுதான்.

அந்தப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் தனியே ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன், சிலவற்றைக் கேட்டும் எழுதினேன். வாகனங்கள் வந்து சேரும் சந்திகளில், இறங்காமலே வாசிக்கக்கூடிய அளவில் பலகை வையுங்கள். அதில் கூடாது என்று மட்டும் எழுதாமல் நாங்கள் போகக்கூடிய வழியையும் அம்புக்குறியால் காட்டுங்கள். மாநகரசபைக் கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது எங்களையும் கூப்பிடுங்கள், அடைபட்ட ஒதுக்கீடுகளைப் பற்றிச் சேர்ந்து கதைப்போம். எங்களில் ஒருவன் பிழை செய்தால் எங்களுக்கு அறிவியுங்கள், நாங்களே அவனோடு கதைக்கிறோம்.

2023-24 குளிர்காலம் கனடாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. தென் ஒன்ராறியோவில் பல தடங்கள் அந்த வருடம் திறக்கவே இல்லை. இப்போது நல்ல குளிர் கிடைக்கும் வாரங்கள் எண்ணிக்கை கொஞ்சம். அதில் ஒரு வாரத்தை நாலு வண்டிகள் ஒரு பின்னேரத்தில் தின்றுவிட்டோம் என்பது இன்னமும் என்னை உறுத்துகிறது.

கழகத்திலிருந்து பதில் வந்தது. எழுதியவர் அந்தக் குரூமர் ஓட்டியவரேதான். மரம் வெட்ட ஆள் போதாது, வருகிறாயா என்று கேட்டிருந்தார். ஐப்பசியில் இரண்டு ஞாயிறு போனேன். புதிதாகச் சுற்றிப் போகும் அந்த 11 கிலோமீட்டரில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கினோம். எங்கள் வின்ச்கள் அங்கே எவ்வளவு உதவும் என்று அப்போதுதான் கண்டேன்.

மார்கழி முதல் சனிக்கிழமை குறிக்கம்பு நடும் வேலை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு மார்க்கத்திலிருந்து வெளிக்கிடுகிறேன். என் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. சம்மட்டி அவர்களிடம் உண்டு. தடித்த கையுறையும் மாற்றுக் காலுறையும் கொண்டு வாருங்கள். இடியப்பமும் சம்பலும் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மார்க்கத்திலிருந்து, அன்று முன்வண்டி ஓட்டியவன்