எதோடு ஒப்பிட்டு? சுகாதாரப் பொருளியல் படிக்கப்போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

மருந்தியல் முடித்த கையோடு சுகாதாரப் பொருளியல் முதுகலையில் சேர்கிறீர்கள். கணக்கு கைகொடுக்குமா என்பதுதான் உங்கள் கவலை. நிகழ்தகவு, மடக்கை, கொஞ்சம் ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிப்பது) தெரிந்தால் முதல் பருவத்தைத் தாண்டிவிடலாம். இந்தப் படிப்பில் காலை வாருவது கழித்தல். எதிலிருந்து எதைக் கழிப்பது என்று தெரியாமல்தான் ஆய்வேடுகள் கவிழ்கின்றன.

ஒரே நோய்க்கு மூன்று சிகிச்சைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்குச் செலவு 10,000. கிடைப்பது 2 குவாலி. (வாழும் ஆண்டுகளை அவற்றின் தரத்தால் பெருக்கினால் குவாலி, முழு நலத்தோடு ஓராண்டு என்றால் 1.) இரண்டாவது 22,000, 2.3 குவாலி. மூன்றாவது 30,000, 3 குவாலி. முப்பதாயிரத்தை மூன்றால் வகுத்து, 'குவாலிக்குப் பத்தாயிரம்தான்' என்று எழுதினால் தவறு. அந்த மூன்றில் இரண்டை முதல் சிகிச்சையே தந்துவிடுகிறதே! சரி, இரண்டாவதோடு ஒப்பிடலாம் என்றால் 8,000 கூடுதல் செலவுக்கு 0.7 குவாலி, அதாவது சுமார் 11,400. பார்க்க மலிவு, ஆனால் இதுவும் ஏமாற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு குவாலிக்கு 40,000 ஆகிறது. நேரே மூன்றாவதுக்குப் போனால் 20,000. ஆக, இரண்டாவது சிகிச்சைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. விடை 20,000. மோசமான ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் எந்த மருந்தும் அழகாகத் தெரியும். எந்த ஆய்வை எடுத்தாலும் முடிவைப் பார்க்கும் முன் ஒப்பீடு எதோடு என்று பாருங்கள்.

1975-இல் நியூஹவுசரும் லெவிக்கியும் எழுதிய கட்டுரை இதற்குப் பழைய சாட்சி. பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய மலத்தை ஆறு முறை பரிசோதிக்கும் நடைமுறையை எடுத்துக்கொண்டார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க 2,451 டாலர். ஆறாவது பரிசோதனையால் கூடுதலாகப் பிடிபடும் ஒருவருக்கு ஆகும் செலவை மட்டும் பிரித்தெடுத்தால் 4.7 கோடி டாலர். அவர்களுடைய அனுமானங்களைப் பின்னாளில் சிலர் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் சராசரிக்கும் கூடுதலுக்கும் உள்ள தூரம் இந்த அளவுக்குப் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

கூடுதல் செலவைக் கூடுதல் குவாலியால் வகுத்த விகிதம் எதிர்மறையாக வந்தால் அதை அப்படியே அட்டவணையில் போட்டுவிட வேண்டாம். 10,000 மிச்சம், 2 குவாலி லாபம் என்றாலும் −5,000. 10,000 கூடுதல் செலவு, 2 குவாலி நஷ்டம் என்றாலும் −5,000. ஒன்று வரம், மற்றது சாபம். இரு வித்தியாசங்களையும் தனித்தனியே காட்டுங்கள்.

இரண்டாம் பருவத்தில் மார்க்கோவ் மாதிரி வரும். நலம், நோய், மரணம் என்று நிலைகள் வகுத்து, ஆண்டுதோறும் எத்தனை பேர் எங்கே நகர்கிறார்கள் என்று ஓட்டிப் பார்ப்பது. இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐந்தாண்டில் 20 சதவீதம் பேருக்கு நோய் முற்றும் என்று ஒரு கட்டுரை சொன்னால், ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வகுக்கக் கூடாது. ஒவ்வோராண்டும் எஞ்சியவர்களில்தான் அடுத்த பங்கு போகிறது. 0.8-இன் ஐந்தாம் மூலத்தை 1-இலிருந்து கழியுங்கள்: 4.36 சதவீதம். சின்ன வித்தியாசம்தான்; முப்பது ஆண்டு ஓட்டும்போது சின்னதாக இருக்காது.

நிச்சயமின்மையைச் சோதிக்க ஆயிரம் முறை எண்களை மாற்றி ஓட்டச் சொல்வார்கள். நிகழ்தகவுக்கு பீட்டா பரவல் (0-க்கும் 1-க்கும் இடையில்தான் எண் தரும்), செலவுக்கு காமா பரவல் (எதிர்மறை எண் தராது) என்பது வழக்கம். ஒரு நிலையிலிருந்து மூன்று பக்கம் பிரிந்தால் மூன்றையும் தனித்தனி பீட்டாவில் எடுக்காதீர்கள், கூட்டினால் 1 வராது. அதற்கு மூன்றையும் சேர்த்தே எடுத்துக் கூட்டுத்தொகையை 1-இல் நிறுத்தும் டிரிக்லே பரவல் இருக்கிறது.

செலவுத் தரவு வேறு வகைத் தொல்லை. பலருக்குப் பூச்சியம், சிலருக்கு மலைபோல். மடக்கை எடுத்து ரிக்ரெஷன் ஓட்டி, விடையை அப்படியே அடுக்கேற்றித் திருப்பினால் சராசரி குறைந்துபோகும். இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் செலவை) வைத்துத் தப்பிக்கவும் முடியாது; பணம் கட்டுபவருக்கு வேண்டியது தலைக்கு இவ்வளவு என்ற சராசரி, அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் பட்ஜெட் வரும்.

கோட்பாட்டு வகுப்புகளைத் தூங்கிக் கழிக்க வேண்டாம். மருத்துவச் சந்தை ஏன் காய்கறிச் சந்தைபோல் நடப்பதில்லை என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதியது இன்றும் பாடத்தின் முதல் படி. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் நடந்த ராண்ட் மருத்துவக் காப்பீட்டுச் சோதனையையும் ஊன்றிப் படியுங்கள். கைக்காசு கட்ட வேண்டியிருந்தால் மக்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையில்லாததை மட்டுமல்ல, பலன் தருவதையும். இந்தப் பின்பாதியைச் சொல்லாமலே அதை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம்.

ஆய்வேட்டுக்கு நோயாளிகளின் தரவு கேட்டுக் காத்திருப்பது ஆபத்து. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே உங்கள் காலம் கரைந்துவிடலாம். வெளியான எண்களை வைத்து மாதிரி கட்டுவது பாதுகாப்பான வழி. அதற்கும் முன்பு, எண்களை முழுமையாகத் தந்திருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து எக்செல்லில் மறுபடி கட்டிப் பாருங்கள். முதல் முறை அவர்கள் விடை வராது. நிலைமாற்ற அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 1 வருகிறதா, வருங்காலச் செலவைக் கழிவு செய்வது (இன்றைய மதிப்புக்குக் குறைப்பது) முதல் ஆண்டிலேயே தொடங்குகிறதா அடுத்த ஆண்டிலா என்று இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் பிழை இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

அன்புடன்.