ஈசானிலிருந்து நானாய்க்கு (வடகிழக்குத் தாய்லாந்திலிருந்து பிலிப்பைன்ஸில் இருக்கும் அம்மாவுக்கு)

ஜனவரி 19, 2025

அன்புள்ள நானாய்,

இங்கே வேலை பார்க்கும் டீச்சர் மனாங் (அக்கா) கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்துவிட்டார். நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம், கருவாடு, கினாமோஸ் (ஊறவைத்த இறால் விழுது) பாட்டில் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. பாட்டில் மட்டும் வழியில் கசிந்து, அவர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் உடுப்பெல்லாம் நம் வீட்டு இறால் வாசம். பாவம், திரும்பத் திரும்பத் துவைத்துப் பார்த்தாராம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவருக்கு ஏதாவது நல்லதாகச் சமைத்துப் போடுங்கள்.

ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று வீட்டிலிருக்கும் நம் மனாங் கையால் எழுத வைத்திருக்கிறீர்கள். போனில் பேசுவதெல்லாம் பேச்சில் சேராது, தலையணைக்கு அடியில் வைக்கக் காகிதம் வேண்டும் என்கிறீர்கள். சரி, இதோ காகிதம். தாதாய்க்கும் (அப்பாவுக்கும்) வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் சாப்பாடு, அதைத்தானே கேட்பீர்கள். இந்த ஈசான் பக்கத்தில் ஒட்டரிசியை மூங்கில் கூடையில் அவித்து, கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் கரண்டி பிடிக்கிற தொல்லை எனக்கு இல்லை. பச்சைப் பப்பாளியை உரலில் போட்டு மிளகாயோடு இடித்து ஒரு சாலட் செய்கிறார்கள். அதில் ப்லா ரா என்று ஒன்றை ஊற்றுவார்கள். ஆற்று மீனை உப்பிலும் தவிட்டிலும் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது. என் கால்பந்து கிளப்பில் இருக்கும் பிரேசில்காரர்கள் அதைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நான் அன்றைக்கே இரண்டு தட்டு சாப்பிட்டேன். கினாமோஸ் தின்று வளர்ந்தவனை எந்த மீன் பயமுறுத்தும்? துவரையும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்டு நீங்கள் வைப்பீர்களே, அதை மட்டும் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். புளிப்புக்குப் போடும் பத்துவான் காய் இங்கே கிடைக்கவில்லை. புளியைக் கரைத்து ஊற்றினேன். புளிப்பு இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பௌத்தக் கோயிலுக்குப் போகிறேன். பதறாதீர்கள், பூசைக்கு நகரத்தில் கத்தோலிக்க தேவாலயம் இருக்கிறது, முடிந்தபோது அதற்கும் போகிறேன். கோயிலில் பிக்குகள் சாப்பிட்ட பிறகு மீதியை வந்தவர்கள் எல்லாருக்கும் பரிமாறுவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நல்ல சாப்பாடு.

ஆடுகிறாயா என்று தாதாய் கேட்டிருக்கிறார். ஆடுகிறேன் என்று சொல்லுங்கள். எதிரணிக் கால்கள் சோர்ந்த பிறகு ஓடுவதற்கு ஒருவன் வேண்டும் என்று கோச் என்னைக் கடைசிப் பகுதிக்கு வைத்திருக்கிறார். சில ஆட்டங்களில் அந்த நேரம் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. தாய் லீக்கில் ஆசியான் (தென்கிழக்கு ஆசிய) நாட்டுக்காரர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. அதனால் பிரேசில்காரர்களோடு முட்டிமோத வேண்டியதில்லை. ஒரு பர்மாப் பையன், ஒரு லாவோஸ் பையன், நான், மூன்று பேருக்கும்தான் போட்டி. பர்மாப் பையன் நன்றாகவே ஆடுகிறான். என்னை இடது விங்கிலிருந்து இடது பேக்குக்கு மாற்றிப் பழக்குகிறார்கள். முட்டி வீங்கியிருக்கிறது என்று மனாங் போட்டோவில் பார்த்துச் சொன்னாளாம். அது வெளிச்சம்.

2011 பிப்ரவரியில் டுமாங்காஸில் கப்பல் ஏறி பக்கோலோட் போனோமே, தாதாய்க்கு நினைவிருக்கும். பனாட் மைதானத்தில் மங்கோலியாவுக்கு எதிராக சீஃபி கலிக்டோங் கோல் போட்டபோது என்னைத் தோளில் தூக்கி ஆடியதில் அவருடைய செருப்பு ஒன்று போனது போனதுதான். வீடு வரும்வரை ஒரே பேச்சு: சீஃபியும் இயன் அரனேட்டாவும் நம் பரோத்தாக் பையன்கள், விமானப்படையில் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே தேசிய அணிக்கு ஆடுகிறார்கள், நீயும் அப்படியே செய். அந்த யோசனை இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. இந்த வரியை மட்டும் வாசிக்காமல் மனாங் தாண்டிவிடட்டும்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? லுங் என்றுதான் தெருவே கூப்பிடுகிறது, மாமா என்கிற மாதிரி. சண்டைச் சேவல் வளர்க்கிறார். விடிந்ததும் வெந்நீரில் மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் போட்டு ஒவ்வொரு சேவலையும் குளிப்பாட்டித் துடைத்து, மூங்கில் கூடைக்குள் வெயிலில் உட்கார வைப்பார். ஜனவரிக் காலையில் இங்கே நன்றாகவே குளிர்கிறது. நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சேவல்களுக்கு வெந்நீர்க் குளியல் நடக்கும். தாதாய் வந்தால் இந்த வீட்டுத் திண்ணையை விட்டு நகர மாட்டார். நம் ஊரில் காலில் கத்தி கட்டிவிடுவோம் என்று சைகையில் காட்டினேன். லுங்கின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இங்கே கத்தி கட்டுவதில்லை, முள்ளைக்கூடத் துணி சுற்றி மறைத்துவிடுவார்களாம். என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 27 ராத்திரி மணிலாவில் நாம் தாய்லாந்தை 2-1 என்று வென்றோமே, அந்த ஆட்டத்தை அவர் வீட்டு டிவியில்தான் பார்த்தேன். சாண்ட்ரோ ரெயெஸ் முதல் கோல் போட்டபோது பொறுத்துக்கொண்டார். காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் கிகே லினாரெஸ் இரண்டாவதைப் போட்டதும் நான் கத்திய கத்தில் கூடையில் இருந்த சேவல்களெல்லாம் கூவ ஆரம்பித்துவிட்டன. 52 வருஷத்துக்கு அப்புறம் அவர்களை வென்றால் கத்தாமல் என்ன செய்வது? லுங் டிவியை அணைத்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 30ஆம் தேதி பாங்காக்கில் கூடுதல் நேரம் வரை இழுத்து 3-1 என்று தோற்றோம். மறுநாள் காலை சுட்ட கோழியும் ஒட்டரிசியும் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார். சண்டையில் தோற்ற சேவலோ என்று சந்தேகம்தான், ஆனாலும் சாப்பிட்டேன்.

நவம்பரில் ஒருநாள் பயிற்சி முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அறுவடை நேரம், சாலை ஓரம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். திடீரென்று மேகம் கறுத்தது. ஒரு வீட்டில் கிழவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பையைக் கீழே போட்டுவிட்டுப் பலகையை எடுத்து நானும் நெல்லைத் தள்ள ஆரம்பித்தேன். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும், சாக்கை யார் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கூடைப்பந்து மைதானத்தில் நெல் காயும்போது மழை வந்தால் நாம் ஓடுவோமே, தாதாய் திட்டிக்கொண்டே சாக்கு பிடிப்பார், தம்பி தோத்தோ நெல்லில் வழுக்கி விழுவான். கடைசிச் சாக்கைக் கட்டி முடித்ததும் கிழவி தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிக்க முடியவில்லை, தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி உங்களைக் கூப்பிட்டேன். என்ன விஷயம் என்று கேட்டீர்கள், சும்மாதான் என்றேன்.

சரி, அது போகட்டும். தோத்தோ விஷயத்துக்கு வருகிறேன்.

அவனைக் கிளப்பில் ஆட வைப்பதாகச் சொல்லும் அந்த ஏஜெண்டுக்கு 80,000 பெசோ கொடுக்க வேண்டாம். ஒரு பெசோகூட வேண்டாம். அதற்காக ஆற்றோர வயலை ஒத்திக்கு விடுவது பற்றித் தாதாய் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். ஒத்திக்குப் போன நிலம் நம் ஊரில் யாருக்குத் திரும்பி வந்திருக்கிறது? பெரிய மாமாவையே கேளுங்கள். ஆடத் தெரிந்த பையன் வேண்டுமென்றால் கிளப் தான் செலவு செய்து கூப்பிடும். பையன் கையிலிருந்து பணம் வாங்குகிறவன் வேறு வியாபாரம் செய்கிறான். இதை நான் தெரிந்துதான் சொல்கிறேன், எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

பாவுலினோ அல்கான்தரா 15 வயதில் பார்சிலோனாவுக்கு ஆடினார், எனக்கு 17 ஆகிவிட்டது என்று தோத்தோ உங்களிடம் அழுதானாம். நல்லது, அவன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆளைப் பற்றி மீதியையும் அவன் படிக்கட்டும். இலோய்லோவில் பிறந்தவர், 1912இல் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல், எல்லாம் சரி. ஆனால் அவர் மருத்துவம் படித்தவர். 1920 ஒலிம்பிக்குக்கு ஸ்பெயின் அணி கூப்பிட்டபோது, கடைசித் தேர்வு எழுத வேண்டும் என்று போகாமல் இருந்தவர். அந்தப் பாதி மட்டும் ஏன் இவன் கண்ணில் படவில்லை?

மணிலா பல்கலைக்கழகம் சொன்ன ஸ்காலர்ஷிப்தான் சரி. என் கருத்து அதுதான், மாறாது. படிப்புச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காயம்பட்டால் ஸ்காலர்ஷிப் தொடருமா என்பதையும் கேளுங்கள், அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கோச் வீட்டுக்கு வரும்போது மனாங் கூட இருக்கட்டும், தாதாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்.

இந்த மாதம் அனுப்பிய பணம் கொஞ்சம் குறைவு, பாட் மாற்று விலை சரியில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். சம்பளம் இங்கே சில சமயம் முன்பின்னாக வரும், எல்லா இடத்திலும் நடப்பதுதான். அதில் முதலில் தாதாயின் கண்ணைப் பாருங்கள். கண்புரை அறுவைக்கு பில்ஹெல்த் (அரசு மருத்துவக் காப்பீடு) உதவி உண்டு, பதிவு சரியாக இருக்கிறதா என்று மனாங் பார்க்கட்டும். கூரைத் தகரம் மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றினால் போதும்.

மனாங் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஜூனில் வைத்தால் என்னால் வர முடியும், மே மாதம் சீசன் முடிந்துவிடும். அதற்கு முன்னால் வைப்பதானால் எனக்குப் பதிலாக சின்ன மாமா ஞானத்தகப்பனாக நிற்கட்டும், ஆனால் பதிவேட்டில் என் பெயர் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு தினக்யாங் திருவிழாவுக்கு இலோய்லோ போனால் லோலாவை (பாட்டியை)க் கூட்டத்தில் நிற்க வைக்காதீர்கள்.

பர்மாப் பையன் புதிதாக வாங்கிய பூட்ஸ் அவனுக்குச் சிறிதாம், எனக்குக் கொடுத்துவிட்டான். எனக்கும் சேரவில்லை. தோத்தோவின் கால் அளவு இப்போது 41ஆ, 42ஆ என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். டீச்சர் மனாங் ஏப்ரலில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகன்