ஒரு தகடும் ஒரு டப்பா சுண்ணாம்பும்: கிளப் நிர்வாகக் குழுவுக்கு

நிர்வாகக் குழுவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நம் டிராப் ரேஞ்சில், அதாவது வீசப்பட்டுப் பறக்கிற தட்டை (கிளே) ஷாட்கன்னால் உடைக்கிற இடத்தில், 11 வருடமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் அது தெரியாது, வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். போன பொதுக்குழுவில் எழுந்து சொல்ல நினைத்தேன். அதற்குள் டீயும் வடையும் வந்துவிட்டதால் யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. அதனால் எழுதுகிறேன். நம் ரேஞ்சுக்கு ஒரு பேட்டர்ன் தகடு வேண்டும், அதாவது தோட்டாவிலிருந்து சிதறுகிற சிறு குண்டுகள் (ரவை) எங்கே விழுகின்றன என்று சுட்டுப் பார்க்கிற தகடு.

ஏன் என்று சொல்ல என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினேன். கைபட்ட துப்பாக்கிதான், ஆனால் பார்க்க அழகு. அதுவரை 25 கிளேக்கு 19, 20 என்று அடித்துக்கொண்டிருந்தவன் 13-க்கு இறங்கினேன். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சுடும்போது குழலின் ஓட்டத்தை நிறுத்தாதே, கண்ணாடியை மாற்று, ராத்திரி சீக்கிரம் தூங்கு. ஒருவர் குலதெய்வத்துக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து சொன்னது ஒன்று: தலையைத் தூக்காதே. சரி என்று கன்னத்தைத் துப்பாக்கியின் பின்பகுதிக் கட்டையோடு நன்றாக அழுத்திச் சுட்டேன். ஸ்கோர் 11 ஆனது. அழுத்த அழுத்த ஏன் மோசமாகிறது என்று யோசித்திருந்தாலே அன்றைக்கே விஷயம் பிடிபட்டிருக்கும்.

யோசிக்க இன்னும் எட்டு மாதம் ஆனது. ஒரு திங்கட்கிழமை, ரேஞ்சில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சவுக்குக் கம்பில் பழைய கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்றை வெள்ளைப் பக்கம் முன்னால் வருகிற மாதிரி கட்டினேன். மணமக்கள் மன்னிக்கட்டும். நடுவில் கறுப்பு பெயிண்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பொட்டு. அதிலிருந்து 15 மீட்டர் டேப் பிடித்து அளந்து நின்றேன். குறிபார்க்கவில்லை, கிளே வந்தால் எப்படித் தூக்குவேனோ அப்படித் தூக்கி, பொட்டைப் பார்த்து உடனே விசையை இழுத்தேன். ஐந்து தோட்டாவும் ஒரே ஃபிளெக்ஸில். கிட்டப் போய்ப் பார்த்தால் பொட்டு கிட்டத்தட்டப் புத்தம் புதிதாக இருக்கிறது. அதற்கு 13 செ.மீ. கீழே நடுவாக, ரவைகள் பிய்த்த ஓட்டை, சாஸர் அளவுக்கு.

அப்புறம் மணல்மூட்டை மேல் வைத்து, குழல் மேல் பட்டையும் நுனி மணியும் நேராகத் தெரியும்படி நிதானமாக இரண்டு குழலையும் சுட்டேன். இரண்டும் பொட்டிலேயே விழுந்தன. அதாவது குழல்களில் கோளாறு இல்லை. ஒரு குழல் ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போயிருந்தால் அது துப்பாக்கி ரிப்பேர்க்காரர் வேலை. எனக்கு இருந்தது பொருத்தக் கோளாறு.

உங்களில் ரைபிள் பிரிவிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷாட்கன்னில் பின்குறி, அதாவது கண்ணருகே குறிபார்க்கிற அமைப்பு, கிடையாது. சுடுகிறவர் கண்தான் பின்குறி. கன்னம் படிகிற மேல்விளிம்பை, நாம் கோம்ப் என்கிறோமே, அது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில்தான் கண் நிற்கும். கோம்ப் தாழ்ந்தால் கண் தாழும், கண் தாழ்ந்தால் ரவை தாழும். பக்கவாட்டிலும் அப்படித்தான். வலது தோளில் சுடுகிறவருக்குக் கட்டை தடிமனாக இருந்தால் கண் இடதுபுறம் தள்ளப்படும், ரவையும் இடதுபுறம் போகும். கண்ணிலிருந்து குழல் நுனி ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே 15 மீட்டரில் 16 மி.மீ. தவறினால் கட்டையில் சுமார் 1 மி.மீ. திருத்த வேண்டும். என் 13 செ.மீ.க்கு 8 மி.மீ. வந்தது. 2 மி.மீ. ரப்பர் ஷீட்டை நான்கு துண்டு வெட்டி அடுக்கி, எலக்ட்ரீஷியன் டேப் சுற்றினேன். பார்க்கக் கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது. அடுத்த ஐந்தும் பொட்டில் விழுந்தன.

15 மீட்டரில் 13 செ.மீ. என்றால் கிளே உடைகிற 35 மீட்டரில் 30 செ.மீ. 24 கிராம் தோட்டாவில் ஏழரை நம்பர் அளவு ரவை ஏறக்குறைய 300 இருக்கும். அவை பரவுகிற வட்டம் அந்தத் தூரத்தில் 75 செ.மீ. என்று வைத்தாலும் கிளேயில் மேலோரத்து ரவைதான் பட்டுக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அடியில் போய்விட்டது. தலையைக் கொஞ்சம் தூக்கிவிட்ட நாட்களில்தான் நான் நன்றாகச் சுட்டிருக்கிறேன்! திட்டு வாங்கியதும் அந்த நாட்களில்தான்.

பொட்டில் விழுந்தால் முடிந்தது என்றும் இல்லை. டிராப் கிளே மேலேறிக்கொண்டே ஓடும். அதைக் குழலால் மறைக்காமல் மேலே மிதக்கவிட்டுச் சுட வேண்டும் என்பதால் 100 ரவையில் 60, 70 பொட்டுக்கு மேலே விழுவதைத்தான் பலரும் விரும்புகிறார்கள். இரு பக்கமிருந்தும் குறுக்கே பறக்கிற கிளேயைச் சுடுகிற ஸ்கீட்காரர்களுக்குச் சரிபாதி, அல்லது சற்றே மேல். ஒலிம்பிக் ஸ்கீட்டில் துப்பாக்கியை இடுப்பருகே வைத்துக் கிளே தெரிந்தபின்தான் தூக்க வேண்டும். எனவே அவர்கள் தகட்டின் முன்னும் அப்படியே தூக்கிச் சுட வேண்டும், தோளில் நிதானமாகப் பொருத்திச் சுட்டால் பொய்யான விடைதான் வரும். அதேபோல் இரண்டு ரவுண்டு முடித்துக் கை தளர்ந்தபின் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதும் நல்லது. காலையில் வருகிற விடை வேறு, வியர்த்துப்போய் நிற்கும்போது வருகிறது வேறு.

என் விஷயம் போகட்டும். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி கிளப் துப்பாக்கியை வைத்து அழாத குறையாக நின்றாள். ஆறடி ஆணுக்குச் செய்த கட்டை அது. கழுத்தை நீட்டி, முதுகை வளைத்துத்தான் அவளால் பட்டையைப் பார்க்கவே முடிகிறது. “பயப்படறேம்மா நீ” என்றார் பக்கத்திலிருந்தவர். அவள் துப்பாக்கி எங்கே போடுகிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போய் டிராப் சுட்டுவிட்டு வந்தார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் பெட்டித் தோட்டாவை வீணாக்க விடுவதற்கு முன்னால் ஐந்து தோட்டாவைத் தகட்டில் சுட வைக்கக் கூடாதா? தோட்டா விற்கிற விலை உங்களுக்குத் தெரியாததல்ல.

கேட்பது இதுதான். ஐந்துக்கு நான்கடி இரும்புத் தகடு ஒன்று, இடதுகோடி மண்மேட்டுக்கு முன்னால். ஒரு டப்பா சுண்ணாம்பு, ஒரு பிரஷ். ஒவ்வொருவர் சுட்டதும் பூசிவிட்டால் அடுத்தவருக்கு வெள்ளைத் தகடு தயார். 15 மீட்டரிலும் 35 மீட்டரிலும் தரையில் கோடு. ஈய ரவை மட்டும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. கைமாறுகிற துப்பாக்கி எதுவானாலும் வாங்குகிறவர் அங்கே சுட்டுப் பார்த்தபின் பணம் கைமாறட்டும். கிளப் துப்பாக்கிகளில் ஒன்றுக்காவது ஏற்றி இறக்கும் கோம்ப் பொருத்தினால் அந்தப் பெண்ணுக்கு இந்த சீசனே உதவும்.

பட்ஜெட் அடுத்த ஏப்ரலில்தான் என்பீர்கள், தெரியும். அதுவரை சவுக்குக் கம்பு இரண்டும் என் கார் டிக்கியிலேயே இருக்கிறது. ஃபிளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இடதுகோடியில் கட்டிக்கொள்ள அனுமதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டையில் டேப் சுற்றிய துப்பாக்கியோடு வருகிற உறுப்பினர்